அனுமதி வாங்கிப் பேசு: கல்லூரி வளாகமும் கருத்துரிமையும்

1967 சட்டமன்றத் தேர்தலில் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர் பெ. சீனிவாசன். வாக்கு வித்தியாசம் 1,285. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர் தலைவராக நின்றவர் அவர். அந்தப் போராட்டம் கட்சி அலுவலகங்களில் வளர்ந்ததைவிடக் கல்லூரி விடுதிகளிலும் வகுப்பறை வாசல்களிலும் வளர்ந்ததே அதிகம். 1965 ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த மாணவர் ராசேந்திரனுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சிலை இருக்கிறது. மொழிப்போர் தியாகிகளை நினைவுகூரும் ஜனவரி மாதத்தில் எல்லாக் கட்சியினரும் அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

அதே தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல் நடப்பதில்லை. வளாகத்துக்குள் ஒரு துண்டறிக்கை கொடுக்க வேண்டுமானால் துறைத் தலைவர், முதல்வர் என்று படியேற வேண்டும். வெளியிலிருந்து ஒருவரைப் பேச அழைத்தால், அவர் யார், எந்தக் கட்சி, முன்பு எங்கே என்ன பேசினார் என்று கேள்வி வருகிறது. கேட்காமல் செய்துவிட்டால் மாணவர் ஒழுங்கு நடவடிக்கைக் குழு முன் நிற்க வேண்டும். மாணவர்களால் ஆட்சி மாறிய மாநிலத்துக்கே இந்த நிலை என்றால் மற்ற இடங்களைச் சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரிக்கு ஒழுங்கு விதிகள் வேண்டாம் என்று யாரும் வாதிட முடியாது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஒரே வளாகத்தில் வாழும்போது விதி வேண்டும், அதை மீறினால் நடவடிக்கையும் வேண்டும். கேள்வி எதைத் தண்டிக்கலாம் என்பதுதான். அடிப்பது, மிரட்டுவது, வகுப்பை நடக்கவிடாமல் தடுப்பது ஆகியவை செயல்கள். அரசைக் குறை சொல்வது, நாடகம் போடுவது, ஒரு படத்தைப் பார்க்கச் சொல்வது ஆகியவை கருத்துகள். இந்தியக் கல்லூரி விதிப் புத்தகங்கள் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவைத்திருக்கின்றன. ‘நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம்’, ‘ஒழுங்கீனமான நடத்தை’, ‘நிர்வாகத்துக்குக் கீழ்ப்படியாமை’ போன்ற சொற்களுக்குள் கத்தியும் அடங்குகிறது, கவிதையும் அடங்குகிறது. வளாகங்களில் நடக்கும் அநியாயங்களில் பெரும்பகுதி இந்தக் குழப்பத்தில்தான் பிறக்கிறது.

இந்தக் குழப்பத்துக்கு வயது நூறுக்கு மேல். 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கிளம்பியபோது, மாணவர்கள் அரசியலில் இறங்கினால் அவர்களுடைய கல்வி நிறுவனத்துக்கு மானியமும் உதவித்தொகையும் நிறுத்தப்படும் என்று வங்க அரசு எச்சரித்தது. அதைக் கார்லைல் சுற்றறிக்கை என்பார்கள். 1907இல் இந்திய அரசின் உள்துறைச் செயலர் ரிஸ்லி அதே வழியில் இன்னொரு சுற்றறிக்கை விட்டார். அந்த ஆண்டு அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ராஜமுந்திரியில் பிபின் சந்திர பால் பேசினார். அதைக் கேட்ட மாணவர்கள் ‘வந்தே மாதரம்’ பட்டை அணிந்து கல்லூரிக்கு வந்தார்கள். நடவடிக்கை பாய்ந்தது. நீக்கப்பட்டவர்களில் ஒருவர் காடிசர்ல ஹரிசர்வோத்தம ராவ். பின்னாளில் ஆந்திர நூலக இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவராக மதிக்கப்பட்டவர் அவர்.

உதவித்தொகையைக் காட்டி மிரட்டும் அந்தப் பழைய உத்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. விடுதலைக்குப் பிறகும் அது போகவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு தரும் பேச்சுரிமை கல்லூரி வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டிய ஒன்றல்ல. அந்த உரிமையைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும். அந்தச் சட்டமும் பொது ஒழுங்கு, நாட்டின் பாதுகாப்பு, அவதூறு போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்குள் நிற்க வேண்டும். 1985இல் கேரளத்தில் யெகோவா சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை என்பதே குற்றம். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று பெயர் பெற்ற அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி. கல்வித் துறையின் சுற்றறிக்கைக்குச் சட்டத்தின் வலு கிடையாது, அதைக் கொண்டு அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது என்பது அதில் முக்கியமான பகுதி. முதல்வர் அறை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் சுற்றறிக்கைகளைச் சட்டமாகவே நினைத்துப் பழகிவிட்ட நமக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் நீதிமன்றங்கள் எல்லா நேரமும் இந்தப் பக்கமே நிற்கவில்லை. 2003இல் சோஜன் பிரான்சிஸ் வழக்கில், வளாகத்துக்குள் அரசியல் நடவடிக்கைகளைத் தடை செய்யக் கல்லூரிக்கு அதிகாரம் உண்டு என்றது கேரள உயர் நீதிமன்றம். 2017இல் பொன்னானி கல்லூரி ஒன்றின் வழக்கில், தர்ணாவுக்கும் உண்ணாவிரதத்துக்கும் கல்வி நிறுவனத்தில் இடமில்லை என்று இடைக்கால உத்தரவு போட்டது. 2020இல் கல்விக்கு இடையூறான போராட்டங்களுக்குத் தடை விதித்தது. மாணவர் அரசியல் வலுவாக வேரூன்றிய மாநிலத்தின் நீதிமன்றம் இப்படிச் சொன்னதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2018 ஜூலையில் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் அபிமன்யு என்ற மாணவர் குத்திக் கொல்லப்பட்டார். வட்டவடை மலைக் கிராமத்திலிருந்து படிக்க வந்த ஏழை வீட்டுப் பிள்ளை. வளாகச் சுவரில் யார் எழுதுவது என்ற தகராறில் போன உயிர் அது.

அரசியல் வேண்டாம் என்போர் காட்டும் ஆதாரம் இத்தகைய மரணங்கள்தான். ஆனால் இதில் தண்டிக்க வேண்டியது கொலையை. அதைத் தண்டிக்கக் குற்றவியல் சட்டம் இருக்கிறது. கொலைகாரனை முன்வைத்துச் சுவரில் எழுதியவனின் வாயை அடைப்பது எந்த நியாயம்?

தேர்தலைப் பற்றி விரிவாகப் பேசிய ஆவணம் லிங்டோ குழுவின் அறிக்கை. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான அந்தக் குழு 2006 மே மாதம் அறிக்கை தந்தது. அந்த ஆகஸ்டில் உஜ்ஜயினியில் கல்லூரித் தேர்தல் வன்முறையில் பேராசிரியர் சபர்வால் உயிரிழந்தார். செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் லிங்டோ பரிந்துரைகளை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது, அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியது மட்டும் போதும், 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும் என்று அதில் நல்ல நிபந்தனைகள் உண்டு. பணத்தையும் அடியாள் பலத்தையும் வெளியே நிறுத்துவதற்கு அவை உதவும். ஆனால் ஒரு நிபந்தனை மட்டும் கண்ணில் பட வேண்டிய அளவுக்குப் பலருக்கும் படவில்லை. பல்கலைக்கழகத்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர் தேர்தலில் நிற்க முடியாது. அதாவது, கட்டண உயர்வை எதிர்த்துக் கோஷம் போட்ட ஒருவர்மீது நடவடிக்கை எடுத்துவிட்டால், அவரை வேட்பாளர் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். யார் தன்னை எதிர்த்துப் போட்டியிடலாம் என்பதை நிர்வாகமே முடிவு செய்யும் தேர்தல் அது. தமிழ்நாட்டில் பல கல்லூரிகள் அந்தத் தேர்தலைக்கூட நடத்துவதில்லை. தேர்தல் நடத்தச் சூழல் இல்லாத இடங்களுக்கு இடைக்கால ஏற்பாடாக லிங்டோ குழு சொன்ன நியமன முறை இங்கே நிரந்தரமாகிவிட்டது. நன்றாகப் படிக்கிற, எதிர்த்துப் பேசாத பிள்ளையைத் துறைத் தலைவர் பேரவைத் தலைவராக்குகிறார்.

2015 முதல் நாட்டை உலுக்கிய வளாக நிகழ்வுகளில் முதலாவது சென்னையில் நடந்தது. ஐஐடி சென்னையில் 2014 அம்பேத்கர் பிறந்த நாளில் தொடங்கப்பட்டது அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம். அடுத்த ஆண்டு அதே நாளில் குப்பம் திராவிடப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரை அழைத்து அம்பேத்கரின் இன்றைய தேவை பற்றிப் பேசவைத்தார்கள், துண்டறிக்கையும் கொடுத்தார்கள். மத்திய அரசின் கொள்கைகள், மாட்டிறைச்சித் தடை, இந்தித் திணிப்பு ஆகியவற்றை விமர்சித்தது அந்த வட்டம். பெயர் போடாத ஒரு புகார்க் கடிதம் மனிதவள அமைச்சகத்துக்குப் போனது. அமைச்சகம் அதை ஐஐடிக்கு அனுப்பி விளக்கம் கேட்டது. 2015 மே 22 அன்று மாணவர் நலன் டீன் அந்த வட்டத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்து மின்னஞ்சல் அனுப்பினார்.

இதில் கவனிக்க வேண்டியது காரணம் சொல்லப்பட்ட விதம். துண்டறிக்கையில் இருந்த எந்தக் கருத்தும் தவறு என்று நிர்வாகம் சொல்லவில்லை. முன் அனுமதி இல்லாமல் நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தினார்கள் என்பதே சொல்லப்பட்ட குற்றம். தங்களை அழைத்து விசாரிக்கவே இல்லை என்று மாணவர்கள் சொன்னார்கள். பெயரில்லாத புகாருக்கு மதிப்பு இருந்தது, பெயரோடும் பதிவு எண்ணோடும் நின்ற மாணவர்களின் விளக்கத்துக்கு இல்லை. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. இரண்டு வாரங்களில் அவிழ்க்க முடிந்த முடிச்சைப் போட வேண்டிய அவசியம் என்ன என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. அதே வளாகத்தில் 2017 மே இறுதியில் மாட்டிறைச்சி விருந்தில் கலந்துகொண்ட ஆய்வு மாணவர் ஒருவர் கண்ணில் பலத்த காயம் ஏற்படும் அளவுக்குத் தாக்கப்பட்டார். ஒழுங்கு விதிகள் முழு வேகத்தில் பாய வேண்டிய இடம் அதுதான்.

ஹைதராபாத்தில் முடிச்சு அவிழவில்லை. 2015 ஆகஸ்டில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத்துக்கும் ஏபிவிபிக்கும் இடையே ஒரு மோதல். தில்லியில் ஒரு ஆவணப்படத் திரையிடலைத் தடுத்ததைக் கண்டித்து அம்பேத்கர் மாணவர் சங்கம் நடத்திய போராட்டத்தில் தொடங்கியது அது. தன்னைத் தாக்கியதாக ஏபிவிபி நிர்வாகி புகார் செய்தார். மத்திய இணையமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா மனிதவள அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அமைச்சகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு நினைவூட்டல்மேல் நினைவூட்டல் வந்தது. முதலில் விதிக்கப்பட்ட இடைநீக்கம் விலக்கிக்கொள்ளப்பட்டு, புதிய துணைவேந்தர் வந்த பிறகு வேறு வடிவில் திரும்பி வந்தது. ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். நிர்வாகக் கட்டிடத்துக்கும் பொது இடங்களுக்கும் கூட்டாகப் போகக் கூடாது, மாணவர் தேர்தலில் பங்கேற்கக் கூடாது என்றும் தடை. வகுப்புக்கும் நூலகத்துக்கும் மட்டும் போகலாம். ஊருக்குள் வரக் கூடாது என்ற பழைய சாதி விலக்கின் சாயலை அந்த உத்தரவில் மாணவர்கள் பார்த்தார்கள். அதனால்தான் வளாகத்தின் கடைவீதிப் பகுதியில் போட்ட கூடாரத்துக்கு ‘வெலிவாடா’, அதாவது சேரி, என்று பெயர் வைத்தார்கள். அந்த ஐவரில் ஒருவரான ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். மாதக் கணக்கில் வந்து சேராத ஆய்வு உதவித்தொகையைத் தன் குடும்பத்துக்கு வாங்கிக் கொடுக்கும்படி கடைசிக் கடிதத்தில் கேட்டிருந்தார்.

ஒரு பல்கலைக்கழகம் தரும் தண்டனை எவ்வளவு கனமானது என்பதை வெளியில் இருப்பவர்கள் சரியாக அளப்பதில்லை. நீதிமன்றம் ஒருவருக்கு 500 ரூபாய் அபராதம் விதிக்க வேண்டுமானால்கூடக் குற்றச்சாட்டைச் சொல்லி அவர் தரப்பைக் கேட்க வேண்டும். கல்லூரியோ ஒரு பிற்பகல் கூட்டத்தில் ஒருவரின் தங்குமிடம், சாப்பாடு, உதவித்தொகை, பட்டம் நான்கையும் எடுத்துவிட முடியும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஒரு ஆண்டு போகும். அந்த உதவித்தொகையை நம்பி வீட்டுக்கும் பணம் அனுப்பும் பிள்ளைக்கு எல்லாமே போய்விடும்.

ஜேஎன்யுவின் கதை நாடறிந்தது. தேசவிரோத முழக்கங்கள் எழுந்ததாகச் சொல்லப்பட்ட 2016 பிப்ரவரி வளாக நிகழ்ச்சிக்குப் பிறகு மாணவர் பேரவைத் தலைவர் கன்னையா குமாருக்குப் பல்கலைக்கழகக் குழு விதித்த 10,000 ரூபாய் அபராதத்தை 2018 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம் சட்டத்துக்குப் புறம்பானது என்று ரத்து செய்தது. அதிலிருந்து நிர்வாகம் பாடம் கற்றதாகத் தெரியவில்லை. 2023 மார்ச்சில், தர்ணா செய்தால் 20,000 ரூபாய் அபராதம் என்று புதிய விதிகள் வந்தன. கொந்தளிப்பு எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டன. அந்த ஆண்டு நவம்பரிலேயே நிர்வாகக் குழு ஒப்புதல் அளித்த கையேட்டில் அவை வேறு உருவில் இருந்தன: கல்விக் கட்டிடங்களிலிருந்து 100 மீட்டருக்குள் போராடினால் 20,000 ரூபாய் வரை, தேசவிரோத முழக்கமிட்டால் 10,000. எது தேசவிரோதம் என்பதை யார் முடிவு செய்வது? அபராதம் வசூலிக்கும் அதே அலுவலகம்தான்.

2024 மார்ச்சில் ஐஐடி மும்பையில் மாணவர்கள் ‘ராஹோவன்’ என்ற நாடகத்தை நடத்தினார்கள். ராமாயணத்தைத் தழுவிய அந்த நாடகம் மத உணர்வைப் புண்படுத்துவதாகப் புகார் வந்தது. இறுதியாண்டு மாணவர்கள் நால்வருக்குத் தலைக்கு 1.2 லட்சம் ரூபாய் அபராதம், இளையவர்கள் நால்வருக்கு 40,000 ரூபாய். கிட்டத்தட்ட ஒரு பருவக் கட்டணத்துக்குச் சமமான தொகை, ஒரு நாடகத்துக்காக. கம்பன் முதல் தெருக்கூத்து வரை ஆயிரம் விதமாக ராமாயணத்தைச் சொல்லியும் ஆடியும் வந்த மண்ணில், திராவிட இயக்க மேடைகளில் அதைத் தலைகீழாக்கியும் நடித்துக் காட்டிய மண்ணில், இதைப் படிக்கும்போது வருத்தம் வராமல் இருக்காது.

அதே ஆண்டு ஏப்ரலில் மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஒரு தலித் ஆய்வு மாணவரை இரண்டு ஆண்டுகளுக்கு இடைநீக்கம் செய்தது. மத்திய அரசின் கல்விக் கொள்கையை எதிர்த்துத் தில்லியில் நடந்த ஊர்வலத்தில் நிறுவனத்தின் பெயர் சேர்ந்த பதாகையோடு கலந்துகொண்டார் என்பதும், ஆனந்த் பட்வர்தனின் ‘ராம் கே நாம்’ படத்தைப் பார்க்கும்படி சமூக ஊடகத்தில் எழுதினார் என்பதும் குற்றச்சாட்டுகளில் அடக்கம். தேசிய விருது பெற்ற படம் அது, தூர்தர்ஷனிலேயே ஒளிபரப்பானது. 2025 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றம் இடைநீக்கத்தை உறுதி செய்தது. மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், அதுவரை அனுபவித்த காலமே போதும் என்று சொல்லி அவர் ஆய்வைத் தொடர வழிவிட்டது. ஓர் ஆண்டுக்கு மேல் படிப்பு பறிபோன பின்பு கிடைத்த வழி. ஐஐடி சென்னையில் கேட்ட அதே குற்றச்சாட்டு, ‘நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தினார்’, மும்பையிலும் கேட்டது. ஒரு மாணவர் தான் எங்கே படிக்கிறேன் என்று சொல்வதையே குற்றமாக்கினால் மாணவர் அமைப்பு எந்தப் பெயரில் இயங்கும்?

சேலத்து நிகழ்வைச் சொல்லாமல் இந்தப் பட்டியல் முடியாது. 2017 ஜூலையில் பெரியார் பல்கலைக்கழக இதழியல் மாணவி வளர்மதி, அரசு மகளிர் கல்லூரி முன் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகத் துண்டறிக்கை கொடுத்தபோது கைது செய்யப்பட்டார். குண்டர் சட்டம் பாய்ந்தது. பல்கலைக்கழகம் உடனே அவரை இடைநீக்கம் செய்தது. செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் குண்டர் சட்ட ஆணையை ரத்து செய்தது. பெரியார் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் தன் மாணவியின் துண்டறிக்கைக்காக ஒரு சொல்லும் பேசவில்லை என்பதோடு, நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் முன்பே தன் தீர்ப்பை எழுதிவிட்டது.

இவையெல்லாம் செய்தியில் வந்தவை. செய்தியில் வராதவைதான் அதிகம், அவை பெரும்பாலும் சுயநிதிக் கல்லூரிகளில் நடக்கின்றன. ஆணும் பெண்ணும் பேசினால் அடையாள அட்டையைப் பிடுங்குவது, வாட்ஸ்அப் குழுவில் உணவைப் பற்றிக் குறை எழுதினால் பெற்றோரை வரச் சொல்வது என்று அன்றாடம் நடப்பவை. இதில் ஒரு தாளை மட்டும் அருகில் வைத்துப் பார்க்கலாம்: மன்னிப்புக் கடிதம். மாணவர் அதைத் தன் கையால் எழுத வேண்டும், ஆனால் வாசகம் அவருடையது அல்ல. ‘நான் செய்தது தவறு என்று உணர்கிறேன், இனி இவ்வாறு நடந்தால் நிர்வாகம் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்’ என்று சொல்லச் சொல்ல எழுத வேண்டும். கீழே பெற்றோர் கையெழுத்து. அதற்காக ஊரிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அப்பா வருகிறார். வராந்தாவில் மணிக்கணக்கில் நிற்கிறார். துறைத் தலைவரும் முதல்வரும் ஒப்பமிட்டதும் தாள் கோப்புக்குள் போகிறது. அடுத்த முறை அந்த மாணவர் வாய் திறந்தால், குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டதற்கான ஆதாரமாக அந்தத் தாள் வெளியே வருகிறது. விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை. கடைசியில் மாற்றுச் சான்றிதழில் ‘நடத்தையும் பண்பும்’ என்ற வரியில் என்ன எழுதப்படுமோ என்ற பயம் மூன்று நான்கு ஆண்டுகளும் கூடவே வருகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரியை அடக்க அந்த ஒரு வரி போதும்.

தனியார் கல்லூரிக்கு அடிப்படை உரிமைகள் பொருந்துமா என்பது சட்டத்தில் நீண்ட காலக் கேள்வி. அரசுக்கு எதிராகத்தான் அவற்றைக் கேட்க முடியும் என்பது பழைய நிலை. 2023 ஜனவரியில் கௌசல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, 19, 21ஆம் பிரிவுகளின் உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்று நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் சொன்னது. விடுதி விதிகளில் ஒரு நல்ல முன்னுதாரணம் அதற்கு முன்பே உண்டு. கோழிக்கோடு அருகே ஒரு உதவிபெறும் கல்லூரியின் பெண்கள் விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 மணி வரை கைப்பேசிக்குத் தடை. கட்டுப்பட மறுத்த மாணவி வெளியேற்றப்பட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்று சொல்லி அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. மும்பைக் கல்லூரி ஒன்று ஹிஜாபையும் தொப்பியையும் தடை செய்தபோது, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையின் பகுதியை நிறுத்திவைத்தது. திலகம் இட்டு வருபவரையும் தடுப்பீர்களா என்று நீதிபதிகள் கேட்டார்கள். அதுவும் தனியார் கல்லூரிதான்.

வெளிநாட்டில் இந்தக் கேள்வியோடு அதிகம் மல்லுக்கட்டிய நாடு அமெரிக்கா. 1960இல் அலபாமாவில் கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த ஓர் உணவகத்தில் போய் அமர்ந்தார்கள். அவர்களைக் கல்லூரி விசாரணையே இல்லாமல் நீக்கியது. 1961இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் கேட்காமல் அரசுக் கல்லூரி யாரையும் நீக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 1964இல் கலிபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தில் அரசியல் துண்டறிக்கைக்குத் தடை வந்தபோது மாணவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். சுமார் 800 பேர் கைதானார்கள். அப்போது ஆசிரியர்கள் கூடி வாக்களித்தார்கள். எங்கே, எப்போது, எவ்விதம் என்பதைப் பல்கலைக்கழகம் முறைப்படுத்தலாம், என்ன பேசுகிறார்கள் என்பதில் தலையிடக் கூடாது என்ற தீர்மானம் 824க்கு 115 என்ற கணக்கில் நிறைவேறியது. 1972இல் கனெக்டிகட் கல்லூரி ஒன்று இடதுசாரி மாணவர் அமைப்புக்கு அங்கீகாரம் மறுத்ததை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காக மறுக்க முடியாது, விதிகளை மீற மாட்டோம் என்ற உறுதியை மட்டும் கேட்கலாம் என்றது.

அமெரிக்காவைச் சொர்க்கமாகக் காட்ட வேண்டியதில்லை. 2024 ஏப்ரலில் காசா போரை எதிர்த்துக் கூடாரம் போட்ட மாணவர்களைக் கைது செய்யக் கொலம்பியா பல்கலைக்கழக நிர்வாகமே போலீசை அழைத்தது. போலீஸ் வந்த அன்றே நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது. தீர்ப்புகள் நூல்களில் இருந்தாலும் நிர்வாகத்தின் முதுகெலும்பை அவை தந்துவிடுவதில்லை. ஆனால் பெர்க்லி ஆசிரியர்களின் அந்த வாக்கெடுப்பு நமக்கு வேண்டியது. நம் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களாகவும் ஒப்பந்த ஆசிரியர்களாகவும் இருப்பவர்களால் தங்கள் சம்பளத்துக்கே வாய் திறக்க முடியவில்லை. அவர்கள் மாணவருக்காகப் பேசுவார்கள் என்று எப்படி எதிர்பார்ப்பது? ஆசிரியரின் வேலைப் பாதுகாப்பும் மாணவரின் பேச்சுரிமையும் பிரிக்க முடியாதவை.

இனி மறுபக்கம். கடுமையான விதிகள் உயிர் காத்த இடமும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு சீனியர் மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2009இல் யூஜிசி நாடு முழுவதற்கும் ராகிங் தடுப்பு விதிகளை வகுத்தது. அந்த விதிகள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்த்தால் வித்தியாசம் விளங்கும். எவையெல்லாம் ராகிங் என்று வரையறை இருக்கிறது, யாரிடம் புகார் செய்வது, என்ன தண்டனை என்பதெல்லாம் தெளிவாக இருக்கின்றன, சேர்க்கையின்போதே மாணவருக்குத் தெரிவிக்கப்படுகின்றன. பேருந்து வழித்தடத்துக்கு யார் தலைவர் என்று சென்னைக் கல்லூரி மாணவர்கள் மோதிக்கொள்ளும் ‘ரூட் தல’ சண்டைகளுக்கும் இதே தெளிவு வேண்டும். 2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் சிகிச்சை பலனின்றி இறந்தார். பட்டாக்கத்தியோடு பேருந்தின் மேல் ஏறுபவரை நீக்கினால் எந்த ஜனநாயகமும் குறைந்துவிடாது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தேர்தலும் விவாத மேடையும் உள்ள வளாகத்தில் தலைவராக விரும்பும் பிள்ளைக்கு ஒரு வழி இருக்கிறது. அதை மூடிவிட்ட இடத்தில் பேருந்து வழித்தடம்தான் அவனுக்குத் தொகுதி. ரூட் தல கலாச்சாரம் முழுவதும் இதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் மாணவர் அமைப்புகளை ஒழித்த நிர்வாகங்கள் அந்த வெற்றிடத்தை நிரப்பியது எது என்று பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டு அரசுகள் இந்த விஷயத்தில் கட்சி வேறுபாடு பார்த்ததில்லை. 1971இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அன்றைய முதல்வர் கருணாநிதிக்கு முனைவர் பட்டம் தருவதை எதிர்த்து மாணவர்கள் போராடியபோது தடியடி நடந்தது, உதயகுமார் என்ற மாணவரின் மரணம் நெடுங்காலம் பேசப்பட்டது. 2013 மார்ச்சில் ஈழத் தமிழருக்காக லயோலா மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம் மாநிலமெங்கும் பரவியபோது, ஜெயலலிதா அரசு கலைக் கல்லூரிகளையும் பொறியியல் கல்லூரிகளையும் காலவரையின்றி மூடியது. மாணவர் பேசினால் கல்லூரியையே மூடுவது எந்த ஆட்சிக்கும் கை வந்த வழி.

இதை மாற்றப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. உயர்கல்வித் துறையின் ஓர் அரசாணை போதும். ஒவ்வொரு கல்லூரியும் தன் ஒழுங்கு விதிகளைத் தமிழில் அச்சிட்டுச் சேர்க்கை நாளிலேயே மாணவர் கையில் கொடுக்க வேண்டும். ‘நற்பெயருக்குக் களங்கம்’ போன்ற வரையறையற்ற குற்றங்கள் அதில் இருக்கக் கூடாது. துண்டறிக்கைக்கும் கூட்டத்துக்கும் அனுமதி கேட்கும் முறை போய், முன்கூட்டித் தகவல் தந்தால் போதும் என்ற நிலை வர வேண்டும். மறுப்பதானால் நிர்வாகம் எழுத்தில் காரணம் சொல்லட்டும். எழுத்து மூலக் குற்றச்சாட்டும் விளக்கம் தர அவகாசமும் இல்லாமல் விடுதியிலிருந்தோ வகுப்பிலிருந்தோ யாரையும் வெளியேற்றக் கூடாது. உதவித்தொகையை எந்த ஒழுங்கு நடவடிக்கையிலும் தொடக் கூடாது. யூஜிசியின் 2023 விதிகளின்படி பல்கலைக்கழகங்கள் நியமிக்க வேண்டிய குறைதீர்ப்பாளரிடம் இந்த முறையீடுகளும் போக வேண்டும். மொழிப்போர் தியாகிகளின் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்கும் எல்லாக் கட்சிகளிடமும் மாணவர்களும் பெற்றோரும் ஒன்றைக் கேட்க வேண்டும்: அடுத்த கல்வியாண்டில் எங்கள் கல்லூரியில் மாணவர் பேரவைத் தேர்தல் எந்தத் தேதியில்?